மருந்து இருந்தும் உதவாத காலம்

(வற்றாப்பளையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நந்திக்கடலின் உப்புக்காற்று படியும் இம்மண்ணில், கண்ணகை அம்மன் சந்நிதிக்குக் கூப்பிடு தூரத்தில், இவ்வாண்டுச் சொற்பொழிவை நிகழ்த்தும்படி அழைப்பு வந்தபோது, பண்டிதர்களும் சமயப் பெரியார்களும் பேசிப் பழகிய மேடையில் நுண்ணுயிரியல் கற்ற ஒருவன் எதைப் பேசுவது என்ற தயக்கம் எனக்கு உண்டாயிற்று. குழந்தைகளின் கல்வியும் சுகமுமே இவ்வறத்தின் நோக்கம் என்று அறிந்த பின்னர் அத்தயக்கம் நீங்கியது. ஆகவே, இவ்வுலகிலுள்ள குழந்தைகள் எல்லாருள்ளும் மிகவும் பலவீனமான நிலையிலிருக்கும் ஒரு சிலரைப் பற்றி, அதாவது என்பு மச்சையை மாற்றிக்கொள்ளும் சிகிச்சையில் கிடக்கும் சிறாரைப் பற்றியும், அவர்களுடைய குடலில் வாழும் பற்றீரியாக்கள் சுமந்து திரியும் எதிர்ப்புச் சக்தியைப் பற்றியும் பேசத் துணிந்தேன். இது தூரதேசத்து விஷயமென்று தோன்றலாம். அது நம்முடைய வீட்டு அலுமாரியில் தொடங்குகிற விஷயம் என்பதையே நான் சொல்ல வந்திருக்கிறேன்.

நான் சிறுவனாயிருந்தபோது என் தங்கைக்கு அம்மாள் வருத்தம் கண்டது. படலையிலே வேப்பிலைக் கொத்துத் தொங்கியது. அயலார் உள்ளே வருவதில்லை. அவளுக்கென்று தனிப் பாய், தனிச் செம்பு. தாளிதமும் மச்சமும் அடுக்களையை விட்டு விலகின. தலைக்குத் தண்ணீர் வார்த்த பின்னரே நாங்கள் அவளருகில் விடப்பட்டோம். அடுத்த வைகாசியில், பாக்குத்தெண்டல் முடிந்து, தீர்த்தம் எடுத்து, காட்டா விநாயகர் ஆலயத்தில் உப்புநீரில் விளக்கெரிந்து, பொங்கலுக்காக அத்தீர்த்தம் இங்கு வந்த அந்தத் திங்கட்கிழமை இரவில், என் தாயார் தங்கையைத் தோளில் சுமந்துகொண்டு இச்சந்நிதியில் நின்றதை நான் இன்றும் மறக்கவில்லை. பல்லாண்டுகள் கழிந்து, என்பு மச்சை மாற்றுச் சிகிச்சை நடைபெறும் ஓர் அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்று உள்ளே பார்த்தபோது எனக்கு எங்கள் வீட்டுப் படலையே நினைவுக்கு வந்தது. அங்கும் அயலார் இல்லை. காற்றுக்கூட வடிகட்டப்பட்டே உட்புகுகிறது. நன்றாகச் சமைத்த உணவன்றி வேறொன்றும் கொடுக்கப்படுவதில்லை. தாயே கைகழுவி, முகத்தை மூடிக்கொண்டுதான் பிள்ளையைத் தொடுகிறாள். வெளியிலிருந்து வரும் பகையை இவ்வளவு தூரம் தடுத்துவிடுகிறோம். உள்ளேயே குடியிருக்கும் பகைக்கு எந்தப் படலையில் வேப்பிலை கட்டுவது?

இச்சிகிச்சையின் தன்மையைச் சிறிது விளக்குதல் அவசியம். குருதியின் கலங்கள் யாவும் என்புகளின் உள்ளீடாகிய மச்சையில் உள்ள மூலவுயிர்க்கலங்களிலிருந்து பிறக்கின்றன. அம்மூலமே பழுதுபட்டால், குருதிப் புற்றுநோயிலே போலப் பொய்யான வெண்குழியங்கள் பெருகுகின்றன. தலசீமியாவிலே போலச் செங்குழியங்கள் பயனற்றுப் பிறந்து அழிய, குழந்தை மாதந்தோறும் பிறர் குருதியை ஏற்றி உயிர்வாழ வேண்டியதாகிறது. நமக்குத் தெற்கேயுள்ள அநுராதபுரம், குருணாகல் மாவட்டங்களில் தலசீமியா அதிகம் என்பதும், அந்நோயாளருக்கான தேசிய நிலையம் குருணாகலிலேயே இயங்குகிறது என்பதும் உங்களிற் பலர் அறிந்தவை. பழுதுபட்ட மச்சையை மருந்துகளால் முற்றாக அழித்து, பொருத்தமான ஒருவரின், பெரும்பாலும் உடன்பிறந்தாரின், மூலவுயிர்க்கலங்களைக் குருதி வழியே செலுத்தி, அவை என்புகளைத் தேடிச்சென்று குடியேறி விளையும்வரை காத்திருப்பதே இச்சிகிச்சை. இருவருக்கிடையே இவ்வாறு மச்சையை மாற்றும் முறையை வகுத்த அமெரிக்க வைத்தியர் டொனால் தோமஸ் 1990ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். பாரத தேசத்தில் 1983ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பம்பாய் டாட்டா நினைவு வைத்தியசாலையிலும், தமிழ்நாட்டில் 1986ஆம் ஆண்டில் வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியிலும் இது தொடங்கிற்று. வேலூரில் இதைத் தொடக்கியவர் வைத்தியர் மாமன் சாண்டி. தலசீமியாக் குழந்தைகள் அங்கே திரளாகப் பயன்பெற்றனர். இலங்கையிலிருந்து வேலூருக்குப் பயணப்பட்ட தாய் தந்தையர் எத்தனையோ பேர்.

அழித்தலுக்கும் விளைதலுக்கும் இடைப்பட்ட அந்த இரண்டு மூன்று வாரங்கள்தாம் கண்டம். நமக்கெல்லாம் கன மில்லிமீற்றர் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் உள்ள, பற்றீரியாக்களை விழுங்கும் வெண்குழியங்கள், அக்குழந்தைக்கு 500க்குக் கீழே இறங்கி, ஏறக்குறைய இல்லை என்னும் நிலையை அடைகின்றன. அதே மருந்துகளால் வாய் முதல் குதம் வரையுள்ள மென்சவ்வு புண்ணாகிக் கரைகிறது. குடலுக்கும் குருதிக்கும் இடையிலிருந்த சுவரும் இடிந்து, காவலாளரும் ஊரைவிட்டு நீங்கிய அந்நேரத்தில், குடலிலுள்ள பற்றீரியா ஒன்று குருதிக்குள் இறங்குமாயின், உடல் கொதிக்கிறது. காய்ச்சல் கண்ட ஒரு மணி நேரத்துக்குள் வலிய நுண்ணுயிர்க்கொல்லியை நாளத்தில் ஏற்றியாக வேண்டும். தாமதித்தால் பிள்ளையை இழப்போம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணமுண்டு. நுண்ணுயிர்க்கொல்லிகளை இகழ்ந்து பேசுவதாக என் பிரசங்கத்தை யாரும் எடுத்துக்கொள்ளலாகாது. அவை இல்லையேல் இச்சிகிச்சையே இல்லை.

இனிக் குடலைப் பார்ப்போம். வளர்ந்த ஒருவரின் உடலில் 38 இலட்சம் கோடி அளவிலான பற்றீரியாக்கள் வாழ்கின்றன என்று கணித்திருக்கிறார்கள். மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில். அவற்றுட் பெரும்பகுதி நமக்கு உபகாரிகள். நாம் செரிக்கமாட்டாத நாரை உண்டு, குடற்சவ்வுக்கு உணவாகும் அமிலங்களைத் தருகின்றன; எல்லாவற்றுக்கும் மேலாக, இடம்பிடித்து உட்கார்ந்திருப்பதாலேயே தீயவற்றைப் பெருகவிடாமல் தடுக்கின்றன. வன்னி விவசாயிக்கு இதை விளக்க வேறு உவமை தேடவேண்டியதில்லை. பயிர் நெருக்கமாக நிற்கும் வயலில் களைக்கு இடமில்லை. பயிர் பட்டுப்போன வயலில் முதலில் தலைகாட்டுவது கோரையும் நெற்சப்பியுமே. களைநாசினியை ஆண்டுதோறும் ஒரே விதமாக அடித்த வயலில், அந்நாசினிக்குச் சாகாத நெற்சப்பியே கடைசியில் எஞ்சி நிற்பதையும் நீங்கள் கண்டிருக்கிறீர்கள். குடலிலும் இதுவே நிகழ்கிறது. வலிய கொல்லி உள்ளே சென்றதும் உபகாரிகள் முதலில் மடிகின்றன. எதிர்ப்புள்ளவை மிஞ்சி, வெறுமையான நிலத்தில் விருத்தியடைகின்றன.

அந்த எதிர்ப்பு எங்கே இருக்கிறது? பற்றீரியாவின் பரம்பரை அலகுகளில் இருக்கிறது. ஒரு பரம்பரை அலகு மருந்தை வெட்டும் நொதியத்தை ஆக்குகிறது. மற்றொன்று உட்புகுந்த மருந்தை வெளியே இறைக்கும் பம்பியை ஆக்குகிறது. வேறொன்று மருந்து சென்று பற்றும் இடத்தையே உருமாற்றிவிடுகிறது. இவை நாம் உண்டாக்கியவையுமல்ல. கனடாவின் வடகோடியில் 30,000 ஆண்டுகள் உறைந்து கிடந்த மண்ணிலும், மருந்தென்பதையே அறியாத அமேசன் காட்டு மக்களின் குடலிலும் அவை காணப்பட்டிருக்கின்றன. மண்ணிலுள்ள பூஞ்சைகளும் பற்றீரியாக்களும் ஒன்றையொன்று கொல்லவும் தப்பவும் கற்ற பழைய வித்தை அது. நாம் செய்த காரியம், எங்கோ சிறுபான்மையாய் ஒதுங்கிக் கிடந்த அவ்வித்தையை வேண்டாத இடங்களில் தேர்ந்தெடுத்து வளர்த்ததுதான்.

இதைவிட வியப்பான ஒன்றை ஜப்பானியர் 1950களின் இறுதியில் கண்டனர். இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் பற்றீரியா ஒன்று, ஒரே சமயத்தில் நான்கு மருந்துகளுக்கு எதிர்ப்பாயிருந்ததோடு, அந்த நான்கு எதிர்ப்புகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி, இனத்தால் வேறான இன்னொரு குடற்பற்றீரியாவுக்குக் கையளிக்கவும் வல்லதாயிருந்தது. அந்த மூட்டைக்கு இன்று பிளாஸ்மிட் என்று பெயர். தந்தையின் சொத்து மகனுக்குப் போவதே பரம்பரை என்று எண்ணியிருந்த விஞ்ஞானம், அயலவனுக்கும் அந்நியனுக்கும் சொத்தை எடுத்துக்கொடுக்கும் பரம்பரை ஒன்று உண்டென்பதை இதனால் தெளிவாக உணர்ந்தது. இம்மூட்டையை நீங்கள் மனத்தில் இருத்திக்கொள்ளவேண்டும். நான் அடுத்துக் கூறப்போவதன் திறவுகோல் அதுவே.

இத்தாலியிலுள்ள பொலோஞா நகரத்து ஆய்வாளர்கள் 2019ஆம் ஆண்டில் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டனர். சிறியதென்றேன், அதில் இருந்தவர்கள் எட்டுச் சிறாரே. மச்சை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அவர்களது மலத்தைப் பன்முறை எடுத்து, அதிலுள்ள பரம்பரைப் பொருள் முழுவதையும் எழுத்தெழுத்தாக வாசித்தார்கள். பழைய முறையில் மலத்தைப் போசணைத் தட்டில் இட்டு, முளைத்து வருவதை மட்டுமே காண்போம்; முளையாதவை கணக்கில் வருவதில்லை. புதிய முறையோ, கறையானும் செல்லும் அரித்த ஏட்டுச் சுவடிகளின் நறுக்குகளைத் திரட்டி, ஒவ்வொரு நறுக்கும் எந்நூலின் எப்பகுதி என்று தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர்கள் இனங்கண்ட உழைப்பை ஒத்தது. அவ்வாறு வாசித்தபோது தெரிந்தது யாது? எட்டுப்பேரில் நால்வருக்கு, கொடையாளரின் வெண்குழியங்கள் குழந்தையின் தோலையும் ஈரலையும் குடலையும் அந்நியமென்று கருதித் தாக்கும் கொடிய நோய் உண்டாயிற்று. அந்த நால்வருடைய குடலில், மாற்றத்தின் பின்னர், எதிர்ப்புப் பரம்பரை அலகுகளின் தொகுதி விரிந்து பெருகியது. முன்பே இருந்தவை வேரூன்றின. முன்பு இல்லாதவை புதிதாக வந்து சேர்ந்தன.

இதுவரையும் எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால், பெருகியவை அக்குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளுக்கு எதிரானவை மாத்திரமல்ல. கொடுக்கப்படாத பல வகை மருந்துகளுக்கு எதிரானவையும் அவற்றோடு சேர்ந்தே பெருகியிருந்தன. இதை முதன்முதல் வாசித்த இரவில் நான் நெடுநேரம் உறங்கவில்லை. ஒரு மருந்தைக் கொடுக்கும்போது அந்த ஒரு மருந்தின் பலத்தையே செலவிடுகிறோம் என்று வைத்தியர்களாகிய நாங்கள் எண்ணியிருந்தோம். ஆனால், மூட்டையில் ஓர் எதிர்ப்புக்குத் தேவை வந்தால் மூட்டை முழுவதும் காப்பாற்றப்படுகிறது. ஒன்றைத் தொட்டவன் பத்தையும் வளர்த்தவனாகிறான். குடற் பற்றீரியாக் கூட்டம் குலைந்து, எதிர்ப்பு மூட்டை சுமப்பவையே குடியேறினால் இவ்விளைவு உண்டாகும் என்பது என் அபிப்பிராயம். எட்டுப் பேரை வைத்துக்கொண்டு எது காரணம், எது காரியம் என்று அறுதியிடுதல் கூடாது. குடல் குலைந்ததால் நோய் வந்ததா, நோயும் அதற்கான சிகிச்சையும் குடலைக் குலைத்தனவா என்பது வேறு ஆராய்ச்சி. பரம்பரை அலகு இருப்பதே நோயுமன்று. எனினும், குருதியில் பற்றீரியா இறங்கும் இரவில் எந்த மருந்து பலிக்கும், எது பலிக்காது என்பதை அத்தொகுதியே தீர்மானிக்கிறது.

பெரியவர்களிடத்தில் கண்டதும் இதற்கு அனுகூலமாகவே இருக்கிறது. நியூயோர்க், டர்ஹம், ஜெர்மனியின் ரேகன்ஸ்பூர்க், ஜப்பானின் சப்போரோ ஆகிய நான்கு இடங்களில் 1,362 நோயாளரிடமிருந்து பெற்ற 8,767 மல மாதிரிகளை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டவர்கள், குடற்பற்றீரியாக்களின் பல்வகைமை குன்றியவர்களிடையே மரணம் அதிகமென்று கண்டனர். ஆரோக்கியமான ஒருவரின் குடற்பற்றீரியாக்களைக் கொண்டே அவ்வெறுமையை நிரப்பலாம் என்று முயன்றவர்களும் உண்டு. அவ்வாறு ஏற்றபோது, எதிர்ப்புள்ள பற்றீரியாவும் உடன்வந்து, மச்சை மாற்றிக்கொண்ட ஒருவர் இறந்ததாக 2019இல் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்டது. சுகதேகி என்று நாம் நினைப்பவரின் குடலிலும் அம்மூட்டை இருந்திருக்கிறது.

இனி நம் அயலுக்கு வருகிறேன். 2008ஆம் ஆண்டில், டில்லியில் சிகிச்சை பெற்றுச் சுவீடனுக்குத் திரும்பிய ஒருவரிடம், கடைசி ஆயுதமென்று நாம் ஒதுக்கி வைத்திருக்கும் கார்பாபெனெம் வகை மருந்துகளையே வெட்டி எறியும் நொதியம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு டில்லியின் பெயரையே வைத்ததால் பாரதத்தில் பெரும் சர்ச்சை எழுந்தது. 2010ஆம் ஆண்டில், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியை முதலாசிரியராகக் கொண்டு வெளிவந்த ஆய்வு, சென்னையில் 44 பற்றீரியாக்களிலும் ஹரியானாவில் 26இலும் பிரித்தானியாவில் 37இலும் அதே நொதியத்தைக் காட்டிற்று. மறு ஆண்டில் டில்லி நகரத்தில் தெருவில் தேங்கிய 171 நீர் மாதிரிகளுள் 51இலும், குழாய்நீர் மாதிரிகள் 50இல் இரண்டிலும் அப்பரம்பரை அலகு இருந்தது. குழாய்நீரில்! வைத்தியசாலைச் சுவருக்குள் நிகழ்வதென்று எண்ணியது ஊர்த் தண்ணீரில் கலந்துவிட்டது.

இதன் பொருளை வேலூரிலுள்ள வைத்தியர்கள் நன்கறிவர். மச்சை மாற்றத்துக்கு வரும் நோயாளி வாசற்படி ஏறும்போதே குடலில் எதைச் சுமந்து வருகிறார் என்று மலத்தை முற்கூட்டியே பரிசோதித்து அறியும் முயற்சிகள் அங்கே நடந்திருக்கின்றன. வடிகட்டிய காற்றும் பூட்டிய கதவும் எவ்வளவு இருந்தாலும், பிள்ளை ஊரில் குடித்த தண்ணீரும், ஊரில் விழுங்கிய குளிசையும் பிள்ளையோடு உள்ளே சென்றுவிடுகின்றன. சென்னையைச் சேர்ந்த வைத்தியர் அப்துல் கபூர் முதலியோர் 2012இல் வைத்தியச் சங்கங்களைக் கூட்டிச் சென்னைப் பிரகடனத்தை வெளியிட்டார்கள். 2014 மார்ச்சு மாதம் முதல், வலிய நுண்ணுயிர்க்கொல்லிகள் பலவற்றை உள்ளிட்ட 46 மருந்துகளை வாங்கியவர் விபரத்தைக் கடைக்காரர் பதிந்து வைக்கவேண்டும் என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. எல்லா மருந்தும் கைவிட்ட பின் நாம் நாடும் கொலிஸ்டினைக் கோழி கொழுப்பதற்காகத் தீனியில் கலந்துவந்தார்கள் என்பதை எண்ணும்போது நெஞ்சு பதைக்கிறது. அவ்வழக்கத்துக்கு அங்கே தடை விதிக்கப்பட்டது 2019இலேதான்.

நம்முடைய நாட்டிலும் இம்மருந்துகளை வைத்தியரின் சீட்டின்றி விற்றல் சட்டவிரோதமே. ஆனால், இம்மாகாணத்து நகரமொன்றின் பார்மசியில், இருமும் பிள்ளையைத் தோளிற் சாய்த்துக்கொண்டு வந்த ஒரு தகப்பன், சீட்டில்லாமல் நான்கு அமொக்சிசிலின் குளிசைகளை வாங்கிச் சென்றதை நான் கண்ணாற் கண்டேன். அவரை நான் குற்றஞ்சாட்ட மாட்டேன். ஏனென்று சொல்கிறேன். 2009ஆம் ஆண்டில் போரின் இறுதி மாதங்களில், இக்கடலோரத்திலே, புண்ணுக்குப் போட மருந்தின்றிப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இந்தச் சபையில் இருக்கிறார்கள். வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்தவர்களுக்கு ஒரு குளிசையின் அருமையை நான் கற்பிக்க வேண்டியதில்லை. மருந்து இல்லாத காலத்தைக் கண்ட மக்கள், மருந்து கிடைக்கும் காலத்தில் அதைச் சேர்த்து வைப்பதும், சுகம் வந்ததும் மீதியை நிறுத்தி அடுத்த காய்ச்சலுக்கென்று அலுமாரியில் பொத்திப் பாதுகாப்பதும், அயலவரின் பிள்ளைக்கு அதிற் பாதியைக் கொடுத்து உதவுவதும் இயல்பே. அது அன்பினாற் செய்யும் காரியம். ஆயினும், அந்த அன்பு நாம் அஞ்சுகிற அதே இல்லாமையையே வேறொரு ரூபத்தில் திரும்பவும் கொண்டுவருகிறது. மருந்து இல்லாத காலம் ஒன்று நமக்கு வாய்த்தது. மருந்து இருந்தும் உதவாத காலம் ஒன்றை நாமே வளர்த்துக்கொண்டிருக்கிறோம். சளியும் தடிமனும் பெரும்பாலான இருமல்களும் வைரசுகளால் வருபவை. அமொக்சிசிலின் அவற்றில் ஒன்றையேனும் தொடாது. அது தொடுவதெல்லாம் அப்பிள்ளையின் குடலில் குற்றமின்றி வாழும் பற்றீரியாக்களை.

முத்தையன்கட்டுக் குளத்து நீரையோ தண்ணிமுறிப்புக் குளத்து நீரையோ மேல்வாய்க்காலில் உள்ளவர் வேண்டியபடி திறந்துவிட்டால் கடைமடை வயலில் என்ன நிகழும் என்பதை வட்டவிதானைமார் அறிவார்கள். நுண்ணுயிர்க்கொல்லியின் பலமும் ஒரு குளத்து நீரே. மச்சை மாற்ற அறையில் கிடக்கும் குழந்தை கடைமடையில் இருக்கிறது. அக்குழந்தைக்கு ஒரு துளியும் குறைக்க முடியாது. ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தே தீரவேண்டும். ஆகையால் மிச்சப்படுத்தவேண்டிய இடம் மேல்வாய்க்காலாகிய நம்முடைய வீடுகளும், வைத்தியர்களாகிய எங்களுடைய சீட்டுகளும், கோழிப்பண்ணைகளும், இறால் வளர்க்கும் குட்டைகளுமே.

இந்நாட்டிலே பேராசிரியர் சேனக பிபிலே என்றொரு மகான் இருந்தார். கம்பனிகளின் பெயருக்காக மருந்து வாங்காமல், மருந்தின் பெயருக்காக வாங்கவேண்டும் என்றும், தேவையற்ற மருந்துகள் நாட்டுக்குள் வரலாகாது என்றும் வாதாடி, 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை நிலைபெறச் செய்தவர். ஏழை நாடொன்று தன் மருந்தைத் தானே எண்ணிக் கையாளலாம் என்று உலகுக்குக் காட்டியது இலங்கை. நுண்ணுயிர்க்கொல்லி எதிர்ப்பைத் தடுப்பதற்கான தேசியத் திட்டமும் 2017 முதல் நம் நாட்டிடம் உண்டு. திட்டம் கொழும்பில் இருக்கிறது. குளிசை வற்றாப்பளையில் இருக்கிறது.

ஆதலால், தாய்மாரே, உங்களிடம் மூன்று உபகாரங்களை வேண்டி அமர்கிறேன். பிள்ளைக்குத் தடிமனும் காய்ச்சலும் கண்டால் மாஞ்சோலை வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்; கொண்டுபோய், “ஐயா, இதற்கு அன்ரிபயோட்டிக் வேண்டுமா?” என்று கூச்சமின்றிக் கேளுங்கள், வேண்டாமென்று சொல்லும் வைத்தியரைக் கெட்டிக்காரரல்லர் என்று எண்ணாதீர்கள். வேண்டுமென்று தந்தால், சொன்ன நாளும் சொன்ன வேளையும் தவறாமல் கொடுத்து முடியுங்கள். எஞ்சியது என்று ஒன்று இருக்கவேண்டாம். இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும் அலுமாரியைத் திறந்து பாருங்கள். அங்கே பழைய குளிசைகள் இருந்தால், அவற்றை அயலவரின் பிள்ளைக்குக் கொடுக்கவேண்டாம்.